பஸ் செல்லும் வெந்நீரும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பதினைந்து வருஷமாகத் தனியார் பஸ் ஓட்டுகிறவனுக்கு நிற்காமல் என்ன செய்யும்? பின்னால் விரட்டும் போட்டி பஸ், கையைக் காட்டிவிட்டு ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஆள், ஒரு நிமிஷம் பிந்தினால் டைம் ஆபீஸில் குதிக்கிறவர் என்று ஊரே சேர்ந்து என் வாயைக் கெடுத்து வைத்திருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் யாரையும் திட்ட எனக்கு வழியில்லை. கிறுக்குத்தனம் முழுக்க முழுக்க என்னுடையது.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகப் பொன்னமராவதி. ஒரு நாளைக்கு ஆறு நடை. பழைய வண்டி, எஞ்சின் பெட்டி என் இடது தொடையை ஒட்டியே இருக்கும். சித்திரை வைகாசியில் அதன் மேல் அப்பளம் பொரிக்கலாம். திருமயத்தைத் தாண்டி வழியில் உள்ள ஒரு கிராமம்தான் எங்கள் ஊர். என் மனைவி திருமயத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள். காலை நடையில் என் வண்டியிலேயே ஏறுவாள். எனக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டில் உட்காருவாள். கண்ணாடியில் அவள் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரியும்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்கு அது ஆரம்பித்தது. அடிவயிற்றில் ஒரு கனம். சீட்டில் உட்காரும் இடத்தில், விதைக்குப் பின்பக்கம், உள்ளுக்குள் குத்தல். ஒன்றுக்குப் போனால் எரியும். போய்விட்டு வந்த பத்தாவது நிமிஷம் மறுபடியும் முட்டும். அறுபது பேரை உட்கார வைத்துவிட்டு டிரைவர் நினைத்த இடத்தில் இறங்க முடியுமா? அடக்குவேன். அடக்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன்.

எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சூடு. என் அம்மா ராத்திரியே வெந்தயம் ஊறப்போட்டுக் காலையில் டம்ளரோடு வாசலில் நிற்பார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். எங்கள் கண்டக்டர் எனக்கு மரமணி கோத்த சீட் கவர் வாங்கிக் கொடுத்து, "இதுல ஒக்காந்து ஓட்டுங்கண்ணே, சூடெல்லாம் கீழ எறங்கிரும்" என்றான். தொப்புளில் விளக்கெண்ணெய், கால் பெருவிரலில் நல்லெண்ணெய், இளநீர், நுங்கு, நன்னாரி சர்பத். உடம்பு முழுக்கக் குளிர்ச்சியை ஏற்றிக்கொண்டு, எரிச்சலோடு ஐந்து வருஷம் ஓட்டினேன்.

இதில் வெளியே சொல்ல முடியாத ஒன்றும் இருந்தது. மனைவியோடு சேர்ந்திருந்தால், முடிகிற நேரத்தில் உள்ளே கத்தி வைத்த மாதிரி வலிக்கும். அப்புறம் இரண்டு நாளைக்கு அந்த வலி நிற்கும். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னிக்கு ஆறு நடை, அசதி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஆறு நடையை அவளைத் தள்ளி வைக்கப் பயன்படுத்திக்கொண்டேன். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று நானும், எனக்கு அவளைப் பிடிக்கவில்லையோ என்று அவளும் நினைத்துக்கொண்டு ஒரே பாயில் கிடந்தோம். இப்போது நினைத்தாலும் எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

குழந்தை இல்லை. ஆறு வருஷம். அவளுக்கு முப்பத்திரண்டு ஆகிவிட்டது. புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் அவளே போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பைக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த எக்ஸ்ரே அன்று நான் பொன்னமராவதி நடையில் இருந்தேன். அவள் தனியாகப் போய், தனியாக பஸ் ஏறி வந்து, சோறு வடித்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "ஒங்க வீட்டுக்காரரை ஒரு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்று மூன்று தடவை சொல்லியனுப்பினார். மூன்று தடவையும் எனக்கு நடை இருந்தது.

நாலாவது தடவை அவள் பஸ்ஸிலேயே, எல்லாரும் இருக்கும்போதே, முன்னால் குனிந்து என் காதில் சொன்னாள். "வியாழக்கிழமை நீங்க போகலேன்னா, வெள்ளிக்கிழமை நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்." சத்தமில்லாமல்தான் சொன்னாள். எனக்கு கியர் மாறவில்லை.

போனேன். லேபில் ஒரு பெட்டி போன்ற அறை, தாழ்ப்பாள் சரியாக விழாது. சுவரில் முருகன் காலண்டர். அவரைத் திருப்பி மாட்டிவிட்டு என் வேலையை முடித்து டப்பாவைக் கொடுத்தேன். சாயங்காலம் நடை முடிந்து காக்கிச் சட்டையோடு ரிப்போர்ட் வாங்கப் போனேன். லேப் பையன் கவரை நீட்டினான்.

"கவுன்ட் பரவால்லண்ணே. மூவ்மென்ட் கம்மியா இருக்கு. பஸ் செல்தான் ரொம்ப ஜாஸ்தி."

"என்ன செல்லு?"

"பஸ் செல்லுண்ணே. டாக்டர்ட்ட காட்டுங்க."

எனக்கு அப்படியே மூச்சு வந்தது. ஐந்து வருஷமாக நான் சொன்னது என்ன? பஸ் சூடு. இதோ மிஷினில் வைத்துப் பார்த்து எழுதியே கொடுத்துவிட்டான். என் உடம்பில் குற்றமில்லை, பஸ் என் உடம்புக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கவரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பீரோ மேல் பழைய பேப்பருக்கு அடியில் செருகினேன். மனைவியிடம், "பஸ்ஸாலதானாம். ரிப்போர்ட்லயே போட்டுட்டாங்க. வண்டியை விட்டு எறங்கினா எல்லாம் சரியாயிரும்" என்றேன். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். "காரணம் தெரிஞ்சிருச்சுல்ல, அப்புறம் எதுக்கு டாக்டரு?" என்று ஒரு அதட்டல் போட்டேன். குரலை உயர்த்தினால் வாயை மூடிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். வெட்கக்கேடுதான், வேறென்ன.

முதலாளியிடம் போய் நின்றேன். "டெஸ்ட்ல பஸ் செல் ஜாஸ்தின்னு வந்திருக்குங்க. கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்ட முடியாது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பஸ் செல்லா? எங்கப்பா நாப்பது வருஷம் பஸ் ஓட்டுனாருய்யா. நாங்க ஆறு பேரு."

ஆனாலும் நல்ல மனுஷர். பஸ் ஸ்டாண்டில் டைம் பார்க்கிற வேலைக்குப் போட்டார். நாலு மாதம் நின்றுகொண்டே வேலை. குத்தல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று கண்டவரிடமெல்லாம் பெருமை அடித்தேன். என் வண்டியை வேறு ஒருவன் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். குழந்தைக்காக பஸ்ஸை விட்டவன் என்று எனக்கே என் மேல் பரிதாபம்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரேஷன் கார்டைத் தேடப் போனவள் பீரோ மேலிருந்து அந்தக் கவரை எடுத்துவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். தினமும் இங்கிலீஷில் நூறு பக்கம் டைப் அடிக்கிறவள்.

"ஏங்க, இதுல பஸ்ஸுன்னு எங்கங்க இருக்கு?"

"கீழ பாரு. பஸ் செல்."

விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சிரிப்பாளா அழுவாளா என்று தெரியாத ஒரு முகம். "இது அந்த பஸ் இல்லீங்க. இது வேற பி."

"பி-ல என்னடி வேற பி?"

பால் கணக்கு எழுதும் காலண்டரைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் B, P என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து போட்டாள். "ஒங்க பஸ்ஸுக்கு ரெண்டு வயிறு இருக்கும். இங்கிட்டுப் பாருங்க, இதுக்கு ஒத்த வயிறு. இப்புடி எழுதுனா சீழுங்க. சீழ் செல்லு."

சீழ். முழங்காலில் அடிபட்டுப் புரையோடினால் வருமே, அது. என் உடம்பில், அந்த இடத்தில். நாலு மாதமாக நான் பஸ் ஸ்டாண்டில் நின்று எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? எனக்குக் கோபம்கூட வரவில்லை. பி-க்கும் பி-க்கும் ஒரே எழுத்து வைத்திருக்கிற நம் மொழி மேல் பழியைப் போடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். கவரைப் பிரிக்காதவன் நான்தானே.

மறுவாரம், திருச்சியிலிருந்து வாரம் இரண்டு நாள் புதுக்கோட்டைக்கு வந்து உட்காரும் டாக்டரிடம் என்னை அவளே கூட்டிப்போனாள். சின்ன வயதுக்காரர். நான் பஸ் செல் கதையைச் சொன்னதும் மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். கையுறை போட்டுப் பின்வழியாக விரலை விட்டு ஒரு சோதனை செய்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. அவர் ஓர் இடத்தில் தொட்டதும், ஐந்து வருஷமாகக் குத்திய அதே குத்தல். "இதான் சார், இதேதான்" என்று கத்திவிட்டேன்.

"இது புராஸ்டேட் சுரப்பி. நாள்பட்ட அழற்சி."

"அது வயசானவங்களுக்கு வாரதுல்ல?"

"அது வீக்கம், பெருசாகுறது. இது வேற. ஒங்க வயசுலயும் வரும், இருபது வயசுலயும் வரும்." அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். விந்தில் ஓடுகிற உயிரணுவை விதை செய்து அனுப்புகிறது. அது நீந்திப் போகிற நீரில் ஒரு பங்கை இந்தச் சுரப்பி கொடுக்கிறது. சுரப்பி புண்ணாகிக் கிடந்தால் அந்த நீரே கெட்டுப்போகும், கெட்டியாகும், சீழணு சேரும். உயிரணு போதிய அளவு இருந்தும் நகர முடியாது. "ஒங்க பஸ் நல்லாத்தான் இருக்கு. ரோடுதான் சேறாக் கெடக்கு" என்றார். இந்த அழற்சி வந்த எல்லாருக்கும் குழந்தை தடைபடாது, உங்களுக்குத் தடுத்திருக்கலாம், சரிசெய்துதான் பார்க்க வேண்டும் என்றார். எஞ்சின் சூடு விதைக்கு ஆகாது என்பதும் பொய்யில்லை, ஆனால் இந்தச் சீழுக்குக் காரணம் அது இல்லை என்றார்.

கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. ஆறு வாரத்துக்கு மாத்திரை. "ஒரு நாள்கூட விடக்கூடாது. அந்தச் சுரப்பிக்குள்ள மருந்து லேசுல போகாது, அதான் இத்தனை நாள்." தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சீட்டை விட்டு எழுந்திருக்க வேண்டும். கடைசியாக, "தெனமும் சாயங்காலம் பத்து நிமிஷம் ஒரு தொட்டியில வெதுவெதுப்பான தண்ணியில ஒக்காருங்க. கை பொறுக்குற சூடு போதும், வலி அடங்கும்" என்றார்.

சூடா! ஐந்து வருஷம் வெந்தயமும் நுங்குமாகத் தின்றவனை, சுடுதண்ணீரில் உட்காரச் சொல்கிறார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் அவள் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கினாள். அகலமாக, தாழ்வாக. அதைத் தூக்கிக்கொண்டு என்னுடன் பஸ்ஸில் வந்தாள்.

மறுபடியும் வண்டியை எடுத்தேன். பத்தாவது நாளோ என்னவோ, மாத்திரையில் எனக்கு வாயெல்லாம் புண். என் அம்மா பார்த்துவிட்டு, "மாத்திரை சூடுய்யா. இருக்கற சூட்டுக்கு இது வேறயா?" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. எரிச்சல் வேறு குறைந்திருந்தது. குறைந்த பிறகு எதற்கு? மிச்ச மாத்திரையை வண்டியில் இருந்த முதலுதவிப் பெட்டிக்குள் போட்டேன். எங்கள் வண்டியின் முதலுதவிப் பெட்டியில் அதுவரை ஒரு ஊதுவத்திக் கட்டும் பழைய பியூசும்தான் இருந்தன. தினமும் சாயங்காலம் அவள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். குளியலறைக்குள் போய் அதைக் கொட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரைப் பிடித்து அதில் உட்காருவேன். சில்லென்று இருக்கும். உடம்புக்கு நல்லது செய்கிறேன் என்று முழுசாக நம்பினேன். அவளை ஏமாற்றுகிறேன் என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை. இதை நான் இன்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மறு டெஸ்ட் வந்தது. ஒத்த வயிற்று பஸ் அப்படியே இருந்தது. மூவ்மென்ட் அப்படியே.

டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "இந்த மருந்துக்குக் கேக்கலையே. இதைவிட வீரியமானதுக்குத்தான் போகணும்." நான் மேஜையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது மதிய நடை, நான்தான் ஓட்டினேன். கண்ணாடியில் அவள் நெற்றி தெரியவில்லை. முன் கம்பியில் கையை மடித்து முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாள். திருமயத்தில் கண்டக்டர் விசில் அடித்தும் இறங்கவில்லை. கடைக்குப் போகாமல் நேராக ஊருக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் நான் தொட்டியில் உட்கார்ந்திருந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. "இன்னும் கொஞ்சம் வெந்நி ஊத்தவா, ஆறிருச்சா?" என்று செம்போடு உள்ளே வந்தவள், ஊற்றும் முன்பு விளாவிப் பார்க்கக் கையை விட்டாள். விட்ட கையை எடுக்கவில்லை. தண்ணீர் கிணற்றுத் தண்ணீராகச் சில்லிட்டது.

"எத்தன நாளா?"

நான் முழங்காலை இழுத்து மடக்கிக்கொண்டேன்.

"மாத்திரை?"

"வாய் புண்ணாயிருச்சு. மாத்திரை சூடுன்னு..."

செம்பைத் தரையில் வைத்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். "என் வயித்துக்குள்ள மருந்த ஏத்திப் படம் புடிச்சாங்களே, அன்னிக்கு எனக்கும் உசுரு போச்சுங்க. பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன். எடுத்துட்டேன்னு ஒங்கள்ட்டப் பொய் சொல்லிட்டு, கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கலாம்ல நானும்? எனக்குத் தோணலியே." முந்தானையில் கையைத் துடைத்தாள். "குளுகுளுன்னு ஒக்காந்திருக்கீங்க. நான் ஆறு வாரமா அடுப்புக்கு முன்னாடி நின்னு வெந்நி போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். துணியில்லாமல் ஒரு தொட்டியில், பச்சைத் தண்ணீரில், முப்பத்தெட்டு வயது ஆம்பளை உட்கார்ந்து அழுதேன். அவமானத்தில் இல்லை, அவள் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் நான் அவளை என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும், அதனால். அப்போதுதான் வலியையும் சொன்னேன். சேர்ந்திருந்தால் கத்தி மாதிரி இருக்கிறது, அதனால்தான் சுவர்ப் பக்கம் திரும்பினேன், உன்னைப் பிடிக்காமல் இல்லை என்று சொன்னேன். அவள் குளியலறைப் படியில் உட்கார்ந்தாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா, நாலு வருஷம் நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்" என்றாள்.

மறுநாள் முதலுதவிப் பெட்டியிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். அதே கையோடு டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. திட்டினார். நியாயமான திட்டு. பாதியில் விட்டதால் கிருமி அந்த மருந்துக்குப் பழகியிருக்கிறதா என்று மறுபடி பார்த்து, மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். ஒவ்வொரு மாத்திரையையும் அவள் முன்னால் முழுங்கினேன். வாய்ப்புண்ணுக்குத் தனி மாத்திரை எழுதினார்; என் அம்மா அதையும் சூடு என்றார். கண்டக்டரிடம் இவள் என்ன சொன்னாளோ, திருமயம் வந்ததும் அவன் படியில் நின்று, "டிரைவரண்ணன் ரெண்டு நிமிஷம் எறங்கணும், யாரும் சத்தம் போடாதீங்க" என்று பஸ்ஸுக்கே அறிவிப்பான். மானம் கப்பலேறியது. ஆனால் இறங்கிப் போய்விட்டு வந்தேன்.

அடுத்த டெஸ்டில் சீழணு வெகுவாக இறங்கியிருந்தது. மூவ்மென்ட் ஏற ஆரம்பித்திருந்தது. வலி முழுக்கப் போகவில்லை, இப்போதும் நாள் முழுக்க உட்கார்ந்தால் எட்டிப் பார்க்கும். ஏழு மாதம் கழித்து ஒரு காலை நடையில், வண்டி எடுக்கும் முன்பு, அவள் என் தோளைத் தட்டினாள். "மெதுவா ஓட்டுங்க. பள்ளத்துல எறக்காதீங்க." அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. அன்று புதுக்கோட்டைக்குப் பதினெட்டு நிமிஷம் லேட். டைம் ஆபீஸ்காரர் குதித்த குதியை நான் சிரித்துக்கொண்டே பார்த்தேன்.

எங்கள் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. அந்த நீலத் தொட்டியில்தான் குளிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு நடை இல்லை, நான்தான் தண்ணீர் விளாவுவேன். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், கையை விட்டுக் கலக்கி, முழங்கையில் தொட்டுப் பார்த்து, பதம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான், "கொண்டு வா" என்று கூப்பிடுவேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே குனிந்து, தன் கையை ஒரு தடவை தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை இறக்குவாள்.